எத்தனை படி முழுகியது?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா, சிட்டா பிரிண்ட், உதவித்தொகைக்கு ஆன்லைன் விண்ணப்பம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, லேமினேஷன், இதுதான் தினசரி வேலை. வீடு தென்பெண்ணைக் கரையோரம், நாணமேட்டுப் பக்கத்தில் ஒரு நகர். ஆறு குறுக்குத் தெரு, எல்லாம் சேர்த்து இருநூறு வீடு இருக்கும். அந்த நகருக்கு ஒரு வாட்ஸ்அப் குழுவும் ஒரு ஃபேஸ்புக் பக்கமும் நடத்துகிறேன். பக்கத்து ஊர்களிலிருந்து சிலர் வந்து, எங்களுக்கும் இப்படி ஒன்று தொடங்க வேண்டும், எப்படி என்று கேட்கிறார்கள். தொடங்குவது ஒரு நிமிட வேலை. சனங்கள் தாங்களாகவே அதில் பேச வேண்டும், பேசுவது நாலு பேருக்கு உபயோகப்பட வேண்டும். அதற்குத்தான் எனக்கு ஒரு வருடம் பிடித்தது. அந்த ஒரு வருடத்தைப் பற்றி எழுதுகிறேன்.

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்தும் போகாமல் அங்கேயே நின்று கொட்டியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை. எங்களுக்கும் குறைவில்லை. மழை கொஞ்சம் விட்டு, ஈரத் துணியைக் காயப்போடலாமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், டிசம்பர் 2 அன்று, சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் திறந்துவிட்ட செய்தி வந்தது. சாத்தனூர் இருப்பது திருவண்ணாமலை மாவட்டத்தில். அங்கே திறந்தால் திருக்கோவிலூர் தாண்டி, விழுப்புரம் மாவட்டம் தாண்டி, கடலில் விழுவதற்கு முன் எங்கள் வாசலைத் தொட்டுவிட்டுத்தான் போகும்.

அன்று இரவு குழுவில் முந்நூறு பேர் விழித்திருந்தோம். எல்லோருக்கும் ஒரே கேள்வி. தண்ணீர் இப்போது எந்தத் தெரு வரை வந்திருக்கிறது, ஏறுகிறதா, நிற்கிறதா? பதில் எங்கள் கண் முன்னால்தான் இருந்தது, அவரவர் வாசலில். ஒருவரும் அதைச் சொல்லவில்லை. கும்பிடும் கைகள் வந்தன. எந்த ஊர் என்றே தெரியாத ஒரு பாலம் அடித்துக்கொண்டு போகும் வீடியோ நாலு முறை வந்தது. பத்தரை மணிக்கு ஒரு ஆண் குரல்: "ஏரி உடைஞ்சிடுச்சு, எல்லாரும் மெயின் ரோட்டுக்கு ஓடுங்க." எந்த ஏரி, பேசுவது யார், எப்போது பேசியது, ஒன்றும் இல்லை. நானும் அதைக் கேட்டுவிட்டு என் அண்ணிக்கு அனுப்பினேன்.

நான்காவது தெருவில் ஒரு பெண் இரண்டு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு இருட்டில் மெயின் ரோட்டுப் பக்கம் ஓடினாள். அந்தப் பக்கம்தான் தாழ்வு. இடுப்பளவு தண்ணீரில், சின்னவனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றவளைப் படகு வைத்திருந்த பையன்கள் பார்த்துக் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஏரி எதுவும் உடையவில்லை. பிறகு விசாரித்தோம். குழுவில் போட்டவரைக் கேட்டால் மச்சான் அனுப்பினார் என்றார். மச்சானைக் கேட்டால் ஆபீஸ் குழுவில் வந்தது என்றார். முதலில் பேசியவர் யார் என்று இன்றுவரை தெரியாது.

அந்த நாட்களில் எனக்கு நல்லவாடு ஞாபகம் அடிக்கடி வந்தது. கடலூருக்கு வடக்கே, புதுச்சேரி எல்லைக்குள் இருக்கும் மீனவர் ஊர். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிக் கிராமங்களில் அறிவு மையங்களை நடத்தி வந்தது. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து, மீனவர்களுக்காக ஒலிபெருக்கியில் சொல்வார்கள். நல்லவாட்டிலும் ஒரு மையமும் ஒலிபெருக்கியும் இருந்தன. 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்ப் பையன் ஒருவர் சுனாமிச் செய்தியைத் தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போன் போட்டார். ஊர்க்காரர்கள் மையத்தை உடைத்துத் திறந்து, ஒலிபெருக்கியில் ஓடச் சொன்னார்கள். மூவாயிரத்துக்கும் அதிகமானவர்கள் தப்பித்தார்கள். அதே காலையில் எங்கள் தேவனாம்பட்டினத்தில் எத்தனை உயிர் போனது என்று பார்த்தவர்களுக்குத்தான் அந்த ஒரு போன் எவ்வளவு பெரியது என்று தெரியும்.

நல்லவாட்டுக்கு வந்ததும் யாரோ போனில் சொன்ன செய்திதான், எங்களுக்கு வந்ததும் அதேதான். அங்கே ஊர் பிழைத்தது, இங்கே ஒரு தாய் பிள்ளைகளோடு தண்ணீரில் நின்றாள். இதை நான் ரொம்ப நாள் யோசித்தேன். அங்கே சொன்னவர் யார் வீட்டுப் பிள்ளை என்று எல்லோருக்கும் தெரியும். அந்த ஒலிபெருக்கியும் புயல் இல்லாத நாளிலும் ஊருக்கு வேண்டியதைச் சொல்லிப் பழகியது. எங்கள் குழு குட்மார்னிங்குக்கும் பிறந்தநாள் வாழ்த்துக்கும் பழகியது. வெள்ளத்தன்று அது திடீரென்று வேறொன்றாக மாறிவிடும் என்று நாங்கள்தான் எதிர்பார்த்துவிட்டோம்.

வெள்ளம் வடிந்ததும் ஃபேஸ்புக் பக்கத்தைத் தொடங்கினேன். எங்கள் நகரின் கஷ்டம் வெளியே தெரிய வேண்டும் என்ற எண்ணம். படகில் ஏற்றி வந்த படம், சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கும் படம், யார் அனுப்பினாலும் போட்டேன். ஒரு படம் ரொம்பப் பரவியது. முழுக்க நனைந்த நைட்டியில் ஒரு பெண்ணைக் கைத்தாங்கலாகப் படகிலிருந்து இறக்குகிறார்கள். நாலாம் நாள் அவள் கடைக்கு வந்தாள். நிவாரணத்துக்கு ஆதார் ஜெராக்ஸ் வேண்டும் என்றாள். எடுத்துக் கொடுத்தேன். காசை மேசைமேல் வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். "அக்கா, அந்தப் படத்த எடுத்துடுங்க. எம் பொண்ண டியூஷன்ல கேக்குறாங்களாம், உங்கம்மாதான அதுன்னு."

அவள் எதிரிலேயே அழித்தேன். அதற்குள் எத்தனையோ பேர் எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டுவிட்டார்கள். அவற்றை என்னால் அழிக்க முடியாது. உதவி செய்கிறோம் என்ற நினைப்பில் ஒரு குடும்பத்தின் மானத்தைத் தெருவில் வைத்துவிட்டேன். அது எனக்கு இன்னும் ஆறவில்லை. அன்றிலிருந்து எங்கள் பக்கத்தில் முகம் கிடையாது. தண்ணீர் தெரியட்டும், சுவர் தெரியட்டும், முளைவிட்டுப் போன நெல் மூட்டை தெரியட்டும். நிவாரணம் வாங்கும் கையை மட்டும் எடுத்த படம்கூட வேண்டாம். வளையலை வைத்தே இது யார் என்று சொல்லிவிடுகிற ஊர் இது. யார் வீட்டுப் படமானாலும், போடட்டுமா என்று கேட்டு, அவர்கள் வாட்ஸ்அப்பில் "சரி" என்று எழுதின பிறகுதான் போடுவது. வாய்ச்சொல்லாகக் கேட்டால் முகத்துக்கு நேரே யாரும் மறுக்க மாட்டார்கள். எழுதும்போது ஒரு நிமிடம் யோசிப்பார்கள், அந்த ஒரு நிமிடத்தை நாம் கொடுக்க வேண்டும்.

அப்புறம், "உங்கள் வெள்ள அனுபவங்களைப் பகிருங்கள்" என்று ஒரு பதிவு போட்டேன். இரண்டு நாளில் பத்துப் பதினைந்து லைக் விழுந்தது. ஒரு அனுபவமும் வரவில்லை. சொல்ல விஷயம் இல்லாமலா? கடைக்கு வருகிற ஒவ்வொருவரும் பிரிண்ட் வருவதற்குள் ஒரு கதை சொல்லிவிட்டுப் போகிறார்கள். எழுதச் சொன்னால் மட்டும் அமைதி. ஒரு நாள் கடையில் ஒரு பெரியவர், "எங்க வூட்டுல மூணு படி முழுகிப்போச்சும்மா" என்றார். பக்கத்தில் நின்றவர் உடனே, "உங்களுக்கு மூணுதானா? எங்களுக்கு அஞ்சும் முழுகி, உள்ள ஒரு சாண் நின்னுது" என்றார். வெளியே வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தவர் அங்கிருந்தே தன் வீட்டுக் கணக்கைச் சொன்னார். யாரும் யாரையும் கேட்கவே இல்லை.

அன்று இரவு குழுவில் அதையே எழுதினேன்: "உங்கள் வாசலில் எத்தனை படி முழுகியது? தெரு எண், படி எண்ணிக்கை, இரண்டு மட்டும் போதும்." தூங்கப் போவதற்குள் நாற்பது பதிலுக்கு மேல் வந்துவிட்டது. அதுவரை குழுவில் ஒரு வார்த்தை எழுதாதவர்கள்கூட எழுதினார்கள். "அனுபவம்" என்றால் கட்டுரை எழுத வேண்டும் என்று பயம் வருகிறது. "எத்தனை படி" என்றால் அது அவர் ஒருவருக்கு மட்டுமே தெரிந்த பதில், ஒரு விரலில் தட்டிவிடலாம். ஊரைப் பேச வைக்க நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வது முதலில் இதைத்தான். வாசலில் நின்றபடியே பதில் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள்.

முழங்கால், இடுப்பு, மார்பு என்றும் பதில் வந்தது. முதலில் அப்படியே எழுதிக்கொண்டேன். யாருடைய முழங்கால்? ஆறடி ஆளுக்கு முழங்கால் தண்ணீர் என் மாமியாருக்குத் தொடைவரை வரும். அதனால் ஆளுக்கு ஆள் மாறாத பொருள்களுக்கு மாறினோம். ஜன்னல் கட்டை, ஸ்விட்ச் போர்டு, ஸ்கூட்டி சீட், கேஸ் சிலிண்டர். வீட்டுக்கு வருகிற சிவப்பு சிலிண்டர் எல்லா வீட்டிலும் கிட்டத்தட்ட ஒரே உயரம்தான். "சிலிண்டர் பாதி" என்றால் படிக்காத பாட்டிக்கும் புரிகிறது, எனக்கும் டேப் வைத்து செ.மீ. ஆக்கிக்கொள்ள முடிகிறது. இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் பெட்டாபென்சானா என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. வெள்ளம் என்று ஒருவர் தெரிவித்தால், எந்த இடம், எவ்வளவு ஆழம், படம் உண்டா என்று திருப்பிக் கேட்டு வரைபடத்தில் ஏற்றிவிடும். 2015 வெள்ளத்தின்போது சென்னையிலும், மக்களே சேர்ந்து வரையும் இணைய வரைபடமான ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பை வைத்து, தண்ணீர் நிற்கும் சாலையை மக்களே தொட்டுக் குறிக்கும் வரைபடம் ஒன்று வந்தது. இருநூறு வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. ஒரு நோட்டும் ஒரு எக்செல் ஷீட்டும் போதும். அவர்கள் கேட்கும் விதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

டிசம்பர் கடைசியில்தான் ஒன்று உறைத்தது. பொங்கல் வருகிறது. வெள்ளையடித்துவிட்டால் சுவரில் சேறு விட்டுப்போன கோடு மறைந்துவிடும். "வெள்ளையடிக்கும் முன் ஒரு படம்" என்று கேட்டோம். கோட்டுக்குப் பக்கத்தில் சிலிண்டரோ ஸ்கேலோ இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. இதை அதிகம் செய்தது பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஸ்கேலைச் சுவரில் நேராகப் பிடிக்க ஒருவன், படம் எடுக்க ஒருத்தி, தெரு எண் எழுதிய தாளைத் தூக்கிப் பிடிக்க ஒரு குட்டிப் பயல் என்று வீடு வீடாகப் போனார்கள். படங்களை எனக்குத் தனியாக, டாக்குமென்ட்டாக அனுப்பச் சொன்னேன். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் தரம் குறையும், எடுத்த தேதி, நேரம் போன்ற விவரமும் போய்விடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே வரும். கேமராவில் இருப்பிடம் ஆன் ஆகியிருந்தால் வீடு இருக்கும் இடமும் சேர்ந்தே வரும், அதனால் பொதுவில் போடும்போது அந்த விவரங்களை நீக்கிவிட வேண்டும்.

ஐந்தாவது தெருவில் ஒரு ஆயா வீட்டில் பிள்ளைகள் ஒன்றுக்கு மூன்று கோட்டைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். சமையலறைக் கதவுக்குப் பின்னால், கரியால் இழுத்த கோடு. மேலே இருப்பது புதிது. கீழே இருந்த இரண்டும் எந்த வருடம் என்று கேட்டேன். ஆயா கோட்டைத் தடவிக்கொண்டே சொன்னது: "இது பெரியவன் துபாய் போன வருஷம். இது உங்க தாத்தா செத்துப்போனாரே, கரோனாவுல, அந்த வருஷம்." பெரியவனின் பாஸ்போர்ட்டுக்கு ஜெராக்ஸ் எடுத்தது நான்தான். துபாய் 2015, தாத்தா 2021. இரண்டு வருடமும் நவம்பரில் எங்களுக்கு வெள்ளம். வயதானவர்களிடம் தேதி கேட்டால் தெரியாது என்பார்கள். கல்யாணம், பிரசவம், சாவு, பெரிய பிள்ளை வேலைக்குப் போனது என்று கேட்டால் வருடம் தானாக வந்துவிடும். ஆயா பேசியதைப் பதிவு செய்து, அவருக்கே போட்டுக் காட்டி, "இத எல்லாரும் கேக்கலாமா ஆயா?" என்று கேட்டுவிட்டுத்தான் குழுவில் போட்டேன். ஒரு வாரத்தில் இன்னும் ஏழெட்டு வீட்டிலிருந்து பெரியவர்களின் குரல் வந்தது. பேரப்பிள்ளைகள் போனைப் பிடித்துக்கொண்டு பதிவு செய்து அனுப்பினார்கள்.

குழுவில் எத்தனை பேர் இருந்தாலும் பேசுவது இருபது பேர்தான், அதிலும் ஆண்களே அதிகம். பெண்கள் எனக்குத் தனியாக அனுப்புவார்கள், பெரும்பாலும் குரல் பதிவு, பின்னால் குக்கர் விசில் கேட்கும். எனக்கு வந்த மிக முக்கியமான விஷயங்கள் எல்லாம் இப்படித் தனியாக வந்தவைதான். கழிவறைக்குள் தண்ணீர் ஏறிவிட்டால் நாங்கள் எங்கே போவது என்ற கேள்வியை ஒரு ஆண்கூடக் குழுவில் எழுதவில்லை. பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் எனக்கு அதை அனுப்பியிருந்தார்கள், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர். அவர்களிடம் கேட்டுக்கொண்டு, பெயர் போடாமல், "மூன்றாவது தெருவிலிருந்து கேட்கிறார்கள்" என்று போட்டேன். கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் இரண்டு பெண்கள் குழுவிலேயே, தங்கள் நம்பரிலிருந்தே, ஆமாம் எங்களுக்கும் அதுதான் பெரிய அவதி என்று எழுதினார்கள். அன்று ராத்திரியே மாடி வீட்டுக்காரர் ஒருவர், வெள்ள நேரத்தில் தன் மாடிக் கழிவறையைப் பெண்களுக்குத் திறந்துவிடுவதாகச் சொன்னார். இன்னும் மூன்று வீடுகள் சேர்ந்துகொண்டன. குழு நடத்துகிறவர் தன் இன்பாக்ஸைத் திறந்து வைத்திருக்க வேண்டும். பொதுவில் பேச முடியாததை அங்கேதான் சொல்வார்கள்.

சேர்ந்ததையெல்லாம் ஏ3 தாளில் ஒரு படமாகப் போட்டு, லேமினேஷன் செய்து, ரேஷன் கடைச் சுவரிலும் டீக்கடையிலும் ஒட்டினேன். கொடுத்தது எங்கே போனது என்று கொடுத்தவர் கண்ணால் பார்க்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த முறை கேட்டால் தர மாட்டார். ஒட்டிய மறுநாளே ஒரு வீட்டுக்காரர் கோபமாக வந்தார். "எங்க வூட்டுல அஞ்சு படி முழுகும்னு எழுதி ஒட்டிட்டா, யாரும்மா வாடகைக்கு வருவா?" அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. வாடகையை நம்பிச் சாப்பிடுகிற மனிதர். அன்றே கிழித்துவிட்டு, வீடு வாரியாக இருந்ததைத் தெரு வாரியாக மாற்றினேன். தெருவில் எந்த முனையிலிருந்து தண்ணீர் ஏறும், அதிகபட்சம் எவ்வளவு என்று மட்டும். வீட்டுக் கணக்கு என் நோட்டில் இருக்கிறது. வந்து கேட்டால் அவரவர் வீட்டுக் கணக்கை அவரவருக்குச் சொல்வேன். அப்படியும் இரண்டு வீட்டுக்காரர்கள் விவரம் தரவில்லை. அவர்களை வற்புறுத்தவும் இல்லை. ஒரு அலுவலகத்துக்கு இதை எடுத்துப் போனபோது, இதெல்லாம் எங்களிடமே இருக்கிறது என்று பிரித்துப் பார்க்காமலேயே திருப்பிக் கொடுத்தார்கள். ஊர்க்காரர்கள் பார்க்கிற சுவரில் இருக்கிறது, அது போதும் என்று விட்டுவிட்டேன்.

இதற்கிடையில் குழுவின் தினசரிப் பேச்சை மாற்றினோம். குட்மார்னிங் படங்களைத் தடை செய்யவில்லை, அதற்கென்று வேறு குழு தொடங்கிக் கொடுத்துவிட்டோம். இதில் கரண்ட் எப்போது வரும், குழாயில் தண்ணீர் வந்ததா, ரேஷனில் பருப்பு இருக்கிறதா, இவை மட்டும். ஒரே ஒரு வழக்கம்: செய்தியின் முதல் வார்த்தை "பார்த்தேன்" அல்லது "கேள்விப்பட்டேன்", அடுத்து நேரம். "பார்த்தேன். 11.20. ரேஷன்ல பருப்பு, பாமாயில் ரெண்டும் இருக்கு." ஆரம்பத்தில் சிலர் இது என்ன பள்ளிக்கூடமா என்று கேட்டார்கள். பருப்பு இருக்கிறது என்று நம்பி வெயிலில் நடந்து போய் வெறும் பையோடு இரண்டு முறை திரும்பியவர்களே பிறகு மற்றவர்களைக் கேட்க ஆரம்பித்தார்கள், "பார்த்தீங்களா, கேள்விப்பட்டீங்களா?" என்று. மழைக்காலத்துக்கு வேண்டிய பழக்கத்தைப் பருப்பு சொல்லிக்கொடுத்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

வீடியோவுக்குத் தனி எச்சரிக்கை. இரட்டை அம்புக்குறியோடு வந்தால் அது பல கை மாறி வந்தது, எங்கள் தெருவைப் பற்றியதாக இருக்க வாய்ப்பு குறைவு. கடைப் பலகை, பஸ்ஸின் நம்பர், பேசுகிறவரின் பேச்சு வழக்கு, இந்த மூன்றைப் பார்த்தாலே பாதி வீடியோ வேறு ஊர் என்று தெரிந்துவிடும். தவறான செய்தி குழுவில் வந்துவிட்டால் சத்தமில்லாமல் அழிப்பதில்லை. அதற்குள் வெளியே போயிருக்கும். அதன் கீழேயே "இது தவறு, 8.40க்கு நேரில் பார்த்தோம்" என்று எழுதுகிறோம், அப்போதுதான் திருத்தமும் அதே வழியில் போகும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணைக் குழுவின் மேலேயே நிறுத்தி வைத்திருக்கிறோம். அண்ணி இருப்பது திருக்கோவிலூரில். ஆற்றில் தண்ணீர் கூடினால் பாலத்திலிருந்து படம் எடுத்து நேரத்தோடு அனுப்புவார். அணையில் எவ்வளவு திறந்தார்கள் என்று டிவியில் எண் சொன்னால் எங்களுக்குப் புரிவதில்லை. பாலத்துத் தூணில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்தால் புரிகிறது. அது எங்களிடம் வந்து சேர்வதற்குள் மாட்டை அவிழ்க்கவும் அரிசியைப் பரணில் ஏற்றவும் நேரம் இருக்கும்.

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி விடாமல் மழை. கடையை அடைத்துவிட்டு வந்து அடுப்பில் ரசம் வைத்திருந்தேன். நான்காவது தெருவுக்குப் புதிதாக வாடகைக்கு வந்திருந்த ஒரு பெண் குழுவில் கேட்டிருந்தாள்: "தெரு முனையில தண்ணி நிக்குதே, உள்ள வருமா? கைக்குழந்தை இருக்கு." கையைத் துடைத்துவிட்டு நான் போனை எடுப்பதற்குள் பதில் வந்திருந்தது.

"பார்த்தேன். 9.10. முதல் படி காய்ஞ்சுதான் இருக்கு. நீங்க படுங்க, ஏறினா நான் வந்து எழுப்புறேன்."

எழுதியவள், அன்றைக்குப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடியவள். பத்தரைக்கு மறுபடியும் எழுதியிருந்தாள்.

"பார்த்தேன். 10.30. அப்படியேதான் இருக்கு."